கண்ணாடி ஏற்றிய வண்டி

ஏப்ரல் 21, செவ்வாய்

உருண்டை,

உன் டிரிப் நோட்டில்தான் எழுதுறேன். வேற நோட்டு வீட்டில் இல்லை. நீ கடைசியா எழுதின வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டுட்டு ஆரம்பிக்கிறேன். உன் வரி இதுதான்: "9-4. ரயில்வே ஸ்டேஷன். பார்ட்டி வெயிட்டிங். கி.மீ. 143218."

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்து கோணலா வரும். நீ பார்த்தா சிரிப்பே. சிரிச்சுக்கோ.

உன்னை அடக்கம் பண்ணி இன்னையோட பதினொரு நாள் ஆச்சு. வண்டி வாசல்ல நிக்குது, தண்ணித்தொட்டிக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவில. ஸ்டேஷன்ல இருந்து அதை ஓட்டிக்கிட்டு வந்தது உன் கூட்டாளி பிரிட்டோ. சாவியை என் கையில கொடுக்கிறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே நின்னான். அதை நான் கவனிச்சேன்.

தினமும் வேலை முடிஞ்சதும் போய் உன் சீட்டில உக்காருறேன். நீ காலை நீட்டிக்க நல்லா பின்னால தள்ளி வெச்ச சீட்டு. எனக்குக் கால் பிரேக்குக்கே எட்டலை. கண்ணாடியை எல்லாம் ஏத்தி விட்டுருவேன். இறக்கினா உன் வாசம் போயிரும். கண்ணாடிக்கு முன்னால நீ தொங்க விட்ட வேளாங்கண்ணி செபமாலை இருக்கு, பச்சை மணி. போன வருசம் அது அறுந்தப்போ வலை நூலில நான்தானே முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அந்த முடிச்சைத் தொட்டுக்கிட்டே இருப்பேன்.

ஒரு சாவி என் சுருக்குப் பையில இருக்கு. இன்னொரு சாவி உன்கிட்ட இருக்கு. பெட்டிக்குள்ள உனக்குக் கட்டம் போட்ட சட்டை போட்டு விட்டோம்ல, அந்தப் பையில நான்தான் வெச்சேன். வண்டி இல்லாம நீ எங்க போயி என்ன செய்வே. நான் வெச்சப்போ பக்கத்தில நின்னது ரெண்டே பேர். உன் அப்பா. பிரிட்டோ.


ஏப்ரல் 23, வியாழன்

சாளை வாங்கினேன். செதிள் எடுத்து, தலை வெட்டி, கழுவி வெச்சதுக்கு அப்புறம்தான் இவ்வளவு யாருக்குன்னு தோணுச்சு.


ஏப்ரல் 27, திங்கள்

வண்டி புரோக்கர் ஒருத்தன் வந்தான். பேர் பொன்பாண்டியாம். துக்கம் விசாரிக்க வந்த மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு, கண்ணு மட்டும் டயர்ல இருந்துச்சு. குனிஞ்சு அடியில பார்த்தான். யார் உனக்குச் சொன்னதுன்னு கேட்டேன். ஊர்ல பேசிக்கிட்டாங்கன்னான். ஊர்ல யாரு? டயரைத் தட்டிப் பார்க்கப் போயிட்டான்.

அவன் போன கையோட பிரிட்டோ வந்தான். ரெண்டு பேரும் தெருமுனையில பேசிக்கிட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. பேசியிருக்கலாம்.

"பெரியம்மா, வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் ஸ்டார்ட் பண்ணி விடணும். இல்லைன்னா பேட்டரி இறங்கிரும். டயரும் ஒரே இடத்தில உக்காந்து கோணிரும். சாவியத் தாங்க, பீச் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்துருதேன்."

வேண்டாம்னுட்டேன். அவன் ஓட்டுறது முதலாளி வண்டி. சொந்தமா ஒண்ணு வாங்கணும்னு உன்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருப்பான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.

உன் அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அவன் போனப்புறம், "நிக்கிற வண்டி செத்துரும் பிள்ள. ஓடணும்"னாரு. அவர் லாரி ஓட்டினவரு, கண் ஆபரேசனுக்கு அப்புறம் ஒம்பது வருசமா ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. இப்ப வந்து எனக்குச் சொல்லுறாரு. ரசத்தில உப்பு ரெண்டு தடவை விழுந்துட்டு.


ஏப்ரல் 30, வியாழன்

பக்கத்து வீட்டுக் கனகம் கண்ணாடியில குனிஞ்சு பார்த்து, "ஏ மிக்கேலு, காருக்குள்ளயே குடித்தனம் வந்தாச்சா? பெரிய இடத்துப் பொம்பளை ஆயிட்டியே"ன்னா. சிரிக்க வைக்கத்தான் சொன்னா. ஆனா எத்தனை மணிக்கு உள்ளே போறே, எத்தனை மணிக்கு வெளிய வாறேன்னு எல்லாம் ஏன் கேக்கணும்?

இனிமே உள்ளே இருந்து பூட்டிக்கிடணும்.


மே 4, திங்கள்

இன்னைக்குக் கத்திரி வெயில் தொடங்கியாச்சு. உப்பளத்து மேல இருந்து வார காத்தும் நின்னு போச்சு.

நடந்ததைச் சொல்லுதேன். பெருசா ஒண்ணும் இல்லை. மத்தியானம் சோறு வடிச்சு வெச்சுட்டு வண்டியில போய் உக்காந்தேன். நாலு கதவும் பூட்டு. நாலு கண்ணாடியும் மேல. சாவி என் கையில. செபமாலை சொல்லிக்கிட்டே இருந்தேன், மணி உருட்டி மூணாவது பத்து வந்தப்போ வாய் வறண்டு போச்சு. வேர்வை முதல்ல கொட்டிச்சு, அப்புறம் நின்னுட்டு. அது நல்லாத்தான் இருந்துச்சு மக்கா. நீ பக்கத்தில மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு.

யாரோ கண்ணாடியைத் தட்டினாங்க. உன் அப்பா குரல். கேட்டுச்சு. நான் திறக்கலை. கொஞ்ச நேரம் ஆகட்டும்னு இருந்தேன்.

அப்புறம் பார்த்தா குழாயடியில கிடக்கேன். சேலை எல்லாம் நனைஞ்சு கிடக்கு. கனகம் என் காலைத் தேய்க்கிறா. உன் அப்பா உப்புப் போட்ட மோரை வாயில ஊத்துறாரு, பாதி கழுத்தில போகுது. சாவி என் கைக்குள்ளேயே இருந்துச்சு. விரலைப் பிரிச்சா உள்ளங்கையில சாவி அச்சு பதிஞ்சு கிடந்துச்சு.

சும்மா கண் அசந்துட்டேன். அவ்வளவுதான். கனகம் ஊர் பூரா வேற மாதிரி சொல்லிக்கிட்டு இருக்கா.

உன் அப்பாவோட வலது கை விரல் முட்டி எல்லாம் வீங்கிக் கிடக்கு. ஒத்தடம் கொடுக்கட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாரு.


மே 5, செவ்வாய்

சாவியைக் கேட்டாரு. கொடுக்கலை.


மே 7, வியாழன்

உன் அப்பா கையெல்லாம் கிரீசு. சைக்கிள் செயினை மாட்டினாராம். சைக்கிளைப் பார்த்தேன், செயின்ல எண்ணெயே இல்லை. வயசாயிட்டு, எதைச் செஞ்சோம்னே தெரியலை போல.


மே 8, வெள்ளி

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சுது. சாமியார் உன் முழுப் பேரைச் சொன்னாரு, கிளாட்வின்னு. யாரையோ சொல்லுற மாதிரி இருந்துச்சு.

அனாதை இல்லத்துக்குச் சாப்பாடு போட்டோம். பிரிட்டோதான் வாளி தூக்கினான், இலை எடுத்தான், எல்லாம் செஞ்சான். அவன் பெஞ்சாதி ஷைனி பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்திருந்தா. போகும்போது பிரிட்டோ வண்டிக்கிட்ட நின்னு பின் கண்ணாடியில நீ ஒட்டியிருக்கிற என் பேரைத் தடவிப் பார்த்தான். உன் அப்பா அவன்கிட்டப் போயி ஏதோ சொன்னாரு. நான் பக்கத்தில போனதும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க.

உன் அப்பாவையும் அவன் பேசி வளைக்கப் பார்க்கிறான்.


மே 10, ஞாயிறு

வண்டியைக் காணோம் உருண்டை.

காலைப் பூசைக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வந்தேன். தண்ணித்தொட்டி இருக்கு. கரண்டு கம்பம் இருக்கு. நடுவில ஒண்ணும் இல்லை. தரையில நாலு டயர் நின்ன இடம் மட்டும் மழை படாத மாதிரி வேற நிறத்தில கிடக்கு. ஒரு சொட்டு எண்ணெய். அதைத் தொட்டுப் பார்த்தேன்.

உன் அப்பாவும் வீட்டில இல்லை. கனகத்தைக் கேட்டா, மீன் வாங்க ஏலக்கூடத்துக்குப் போறதாச் சொல்லிட்டு வெள்ளனே கிளம்பினாராம். வண்டிச் சத்தம் கேட்டுச்சாம், பிரிட்டோதான் ஒருவழியா கேட்டு வாங்கிட்டான் போலன்னு நினைச்சுக்கிட்டு அவ புரண்டு படுத்துட்டாளாம். பாரு, அவளுக்கே அவன் நினைப்புத்தான் வருது.

அவர் வரட்டும்னு நான் காத்திருக்கலை. கனகத்தைக் கூட்டிக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க ஒரு எஸ்.ஐ., சின்ன வயசு. உன் வயசுதான் இருக்கும். என்ன வண்டின்னாரு. வெள்ளை, ஏழு பேர் உக்காருறது, டீசல், வாடகை வண்டின்னேன்.

"அதுதான்மா போகும்"னாரு. "செவப்பு வண்டி, நீல வண்டி எல்லாம் எவனும் தொட மாட்டான். வெள்ளைன்னா ரோட்டுல நூறு நிக்கும், எந்த வண்டி எவனுதுன்னு யாருக்குத் தெரியும். பழசுன்னா இன்னும் சௌகரியம். முழுசா ஓட்டணும்னு இல்ல, பிரிச்சா போதும். கதவு ஒரு ஊருக்கு, கியர் பாக்ஸு ஒரு ஊருக்கு."

என் வண்டி அப்படி இல்லை சார், பின்னால என் பேர் ஒட்டியிருக்குன்னேன். முதல்ல சுரண்டுறது அதைத்தானேன்னாரு. எனக்கு என்னைச் சுரண்டுன மாதிரி இருந்துச்சு.

இந்த வருசம் அவங்க ஸ்டேஷன்ல மட்டும் பைக்கு பதினாலு, கார் மூணு போயிருக்காம். என்னோடது நாலாவது. பைக்கு அஞ்சு கிடைச்சிருக்கு. கார் ஒண்ணும் கிடைக்கலை. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, கோயில் வாசல் இங்கதான் அதிகம் போகுமாம். வீட்டு வாசல்ல போறது குறைவாம். கண்ணாடித் துண்டு கிடந்ததா, கம்பி போட்டு நெம்பின அடையாளம் இருந்ததான்னு எல்லாம் கேட்டாரு. ஒண்ணும் இல்லை.

"அப்ப சாவி போட்டுத்தான் எடுத்திருக்கான். ரெண்டு சாவியையும் கொண்டாங்க. இன்சூரன்ஸ்காரனும் முதல்ல அதைத்தான் கேப்பான்."

ஒரு சாவியை எடுத்து மேசையில வெச்சேன். இன்னொண்ணு மகன்கிட்ட இருக்குன்னேன். மகன் எங்கேன்னாரு. கல்லறைத் தோட்டத்திலன்னேன். எழுதிக்கிட்டிருந்த ஏட்டு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு.

வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா ரெண்டு மணிக்குத்தான் வந்தாரு. சட்டை எல்லாம் வேர்வை, பஸ்ல வந்தவர் மாதிரி. கையில மீன் இல்லை. ஏலம் சரியில்லைன்னாரு. நான் விசயத்தைச் சொன்னேன்.

"போலீசுக்கா போனே?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாசப்படியில உக்காந்தாரு. பாவம், அதிர்ச்சி.


மே 11, திங்கள்

எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தாரு. வண்டி நின்ன இடத்தைப் பார்த்தாரு. உன் அப்பா குடிக்கத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாரு. எஸ்.ஐ. அவர்கிட்ட ரெண்டு கேள்விதான் கேட்டாரு. ஓட்டத் தெரியுமா? ஓட்டுவேன் சார், இப்ப கண்ணு சரியில்லை. நேத்து எங்க இருந்திய? மீன் வாங்கப் போனேன். அதோட விட்டுட்டாரு.

என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கார் திருட்டுல பாதி வெளியாள் வேலை இல்லம்மா. வீட்டுல வந்து சோறு தின்னவனாத்தான் இருப்பான். சாவியைப் பெட்டியில வெச்சது யாருக்கெல்லாம் தெரியும்?"னு கேட்டாரு.

நான் யாரையும் காட்டிக் கொடுக்கலை. பக்கத்தில நின்னது யாருன்னுதான் சொன்னேன். பெட்டியைத் தூக்கினது யாரு, மூடினது யாருன்னு கேட்டாரு, சொன்னேன். வண்டியைக் கேட்டு வந்தது யாருன்னு கேட்டாரு, அதையும் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்.

உன் அப்பா பேரை நான் சொல்லலை. பெத்த தகப்பன், அவரைச் சொல்லி என்ன ஆகப் போகுது.


மே 12, செவ்வாய்

பிரிட்டோவைக் காலையில ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க. பொழுது சாய விட்டாங்களாம். நாளைக்கும் வரணுமாம்.

உன் அப்பா சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு தட்டிலேயே வெச்சுட்டாரு. "போனது போகட்டும் பிள்ள. கேஸை வாபஸ் வாங்கிரு. அவன் நம்ம பையன் கூட ஒரே தட்டில தின்னவன்"னாரு. அதனாலதான் அவனுக்குத் தைரியம் வந்திருக்குன்னு நான் சொன்னேன்.

பெட்டிக்குள்ள கை விட்டு உன் சட்டைப் பையில இருந்து எடுத்திருக்கான் பாரு. நினைக்க நினைக்க உடம்பு எரியுது.


மே 13, புதன்

ஷைனி வந்தா. உள்ளே வரலை. வாசல்ல நின்னுக்கிட்டே பேசினா. பிரிட்டோவை இன்னைக்கும் உக்கார வெச்சிருக்காங்களாம். அவன் முதலாளி விசயம் கேள்விப்பட்டு வண்டிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டாராம். நாளைக்குக் கேஸ்ல பேரை எழுதிருவோம்னு எஸ்.ஐ. சொல்லிட்டாராம். பேர் ஏறிட்டா அப்புறம் இந்த ஊர்ல எவன் அவனை நம்பிச் சாவி கொடுப்பான்னு கேட்டா.

"அவரு ஒரு வார்த்தை பேச மாட்டேங்காரு மாமி. எடுக்கலைங்காரு. யாரு எடுத்தான்னு கேட்டா வாயை மூடிக்கிடுதாரு. உங்களுக்குத் தெரியுமா மாமி, யாருக்காக அவரு வாயை மூடிக்கிடுதாருன்னு?"

எனக்கு எப்படித் தெரியும். பிள்ளை என் வளையலைப் பிடிக்கக் கையை நீட்டிச்சு. நான் கையை இழுத்துக்கிட்டேன்.

பின்னாடி திரும்பிப் பார்த்தா உன் அப்பா கதவுக்குப் பின்னால நிக்காரு.


மே 14, வியாழன்

இன்னைக்கு நிறைய எழுதணும். கை ஓயுது, ஆனாலும் எழுதிருதேன்.

காலையில உன் அப்பா குளிச்சு, பூசைக்கு மட்டும் போடுற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டாரு. கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டினாரு. எங்கேன்னேன். ஸ்டேஷனுக்குன்னாரு. கேஸ் என்ன ஆச்சுன்னு விசாரிக்கப் போறாருன்னு நினைச்சேன். வாசல்ல நின்னு, "சாளை வாங்கி வெச்சிருக்கேன், நீ தின்னு"ன்னாரு. நீ தின்னுன்னு எப்பவும் சொல்லுற ஆள் இல்லை.

எனக்கு வீட்டில இருப்புக் கொள்ளலை. உன்கிட்ட வந்தேன். முப்பதாம் நாளுக்கு அப்புறம் நான் கல்லறைக்கு வரலைல்ல. வண்டி போனதுல இருந்து போலீசும் வீடுமா அலைஞ்சுட்டேன். மண் கொஞ்சம் உள்வாங்கியிருந்துச்சு. மரச் சிலுவை சாயாம இருக்க யாரோ கல் வெச்சிருந்தாங்க. குனிஞ்சு பூ வைக்கும்போது பார்த்தேன்.

சிலுவையில பச்சைச் செபமாலை.

கையில எடுத்தேன். வலை நூல். என் முடிச்சு ஒரு பக்கம் அப்படியே இருக்கு. வண்டிக் கண்ணாடியில கட்டியிருந்த முடிச்சு மட்டும் அவிழ்ந்திருக்கு. அறுக்கலை மக்கா, அவிழ்த்திருக்கு. வலை நூல் முடிச்சை அவிழ்க்கணும்னா நகம் போயிரும், பொறுமை வேணும். பிரிக்கப் போற வண்டியில இருந்து எந்தத் திருடன் மந்திரிச்ச செபமாலையை நகம் தேயத் தேய அவிழ்த்துக் கொண்டுவந்து இந்தக் கல்லறையில போடுவான்?

நான் மண்ணிலேயே உக்காந்துட்டேன். அப்பத்தான் கத்திரி தொடங்கின அன்னைக்கு நடந்தது முன்னால வந்து நின்னுச்சு. நாலு கதவையும் பூட்டியிருந்தேன். கண்ணாடி ஒண்ணும் உடையலை. என் சாவி என் கைக்குள்ள இருந்துச்சு, அச்சு பதியுற அளவுக்கு இருந்துச்சு. அப்ப என்னை வெளிய தூக்கினவரு எந்தச் சாவியைப் போட்டுத் திறந்தாரு?

இதை நான் இதுக்கு முன்னாடி யோசிக்கலையான்னு நீ கேக்காதே.

செபமாலையை மடியில கட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆட்டோ கூடக் கூப்பிடத் தோணலை. வாசல் பெஞ்சில உன் அப்பா. முழங்கால் ரெண்டும் ஒட்டி, கை ரெண்டையும் அது மேல வெச்சு, கோயில்ல முதல் நன்மை வாங்கப் போற பிள்ளை மாதிரி உக்காந்திருக்காரு. உள்ளே பிரிட்டோ சுவரோரமா தரையில. எஸ்.ஐ. போன்ல இருந்தாரு, அதனால உன் அப்பாவை இன்னும் உள்ளே கூப்பிடலை போல. என்னைப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்தாரு.

"நீரு உக்காரும்"னேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரை நான் அப்படிச் சொன்னதில்லை. உக்காந்துட்டாரு.

உள்ளே போனேன். எஸ்.ஐ. மேசை முன்னால நின்னு, வண்டி திருடு போகலை சார்னேன்.

"என்னம்மா சொல்லுறீங்க?"

"நான்தான் கொடுத்து அனுப்பினேன். பிள்ளை போன துக்கத்தில புத்தி கலங்கிப் போச்சு. கொடுத்ததை மறந்துட்டேன். இந்தப் பிள்ளைக்கு இதில ஒண்ணும் இல்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. எங்க அனுப்பினீங்கன்னு கேட்டாரு. எங்கேன்னு எனக்கே தெரியாதே. மேல சுத்துற ஃபேனையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"வேம்பாருக்கு"ன்னு பின்னால இருந்து குரல் வந்துச்சு. உன் அப்பா நிலைப்படியில நின்னாரு. "என்கிட்ட முன்னால கிளீனரா இருந்தவன், மரியசூசை. ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக ஊர்ல வண்டி இல்லைன்னான். அவன்கிட்டத்தான் நிக்குது சார். பேரு கூடச் சுரண்டலை."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தாரு, அவரைப் பார்த்தாரு, தரையில இருந்த பிரிட்டோவையும் பார்த்தாரு. பிரிட்டோ தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்புறம் எஸ்.ஐ. எங்களைத் திட்டின திட்டு கொஞ்சமில்லை. அரசாங்கத்து நேரம், பெட்ரோல், மூணு நாள் எல்லாம் சொன்னாரு. ஏட்டு, போலீசு, புகார் கொடுக்க வந்தவங்க எல்லாரும் வேடிக்கை பார்த்தாங்க. நான் கை கட்டி நின்னேன். எழுதிக் கொடுத்துட்டுப் போங்கன்னாரு. ஏட்டு எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டேன். உன் நோட்டில எழுதி எழுதி இப்பக் கையெழுத்து கொஞ்சம் நேரா வருது.

பஸ்ல வந்தோம். எங்க ஸ்டாப் வந்தப்போ என் முழங்கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாரு. நான் தட்டிவிடலை.


மே 15, வெள்ளி

வாசல் கூட்டினேன். அந்த நாலு இடத்தையும் சேர்த்துக் கூட்டினேன்.


மே 16, சனி

பிரிட்டோ வீட்டுக்கு நான்தான் போனேன். ஷைனி நாற்காலியைப் போட்டுட்டு உள்ளே போயிட்டா. நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள அவன் சொல்லிட்டான்.

"நான் பார்த்தேன் பெரியம்மா. பெட்டியை மூடுறதுக்கு முன்னால பெரியப்பா பையில கை விட்டு எடுத்தாரு. நான்தான் யாரும் பார்க்கதுக்குள்ள மூடி போடுங்கன்னு சத்தம் போட்டேன்."

இதை ஸ்டேஷன்ல ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன்.

"சொன்னா அவரை அங்க உக்கார வெச்சிருப்பாங்க. எனக்கு என்ன, உக்காந்து பழக்கம். ஸ்டாண்டுல நாள் பூரா அதுதானே வேலை."

சிரிச்சான். நான் சிரிக்கலை. முப்பதாம் நாள் அன்னைக்கு ரெண்டு பேரும் என்ன பேசினீங்கன்னு கேட்டேன். வேம்பார் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு போறேன் பெரியப்பா, உங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு இவன் சொல்லியிருக்கான். வேண்டாம், உனக்கு எதுக்கு வீண் வம்பு, பிள்ளை குட்டிக்காரன்னு அவர் சொல்லிட்டாராம்.

முதலாளி சாவியை இன்னும் கொடுக்கலையாம். திங்கட்கிழமை நானே போய் அவர் முன்னால நிக்கப் போறேன். அவன் திருடன் இல்லை, திருடன்னு சொன்னது நான்னு சொல்லப் போறேன்.

இன்னைக்குப் பிள்ளை வளையலைப் பிடிச்சுச்சு. விட்டுட்டேன்.


மே 17, ஞாயிறு

பூசை முடிஞ்சு வந்து சாளைக் குழம்பு வெச்சேன். உன் அப்பா தின்னாரு. நானும் தின்னேன்.

அவர் கை கழுவும்போது கேட்டேன். பெட்டியில இருந்து ஏன் எடுத்தீங்கன்னு. ரொம்ப நேரம் துண்டால விரலைத் துடைச்சாரு. "டிரைவர் புத்தி. சாவியைப் புதைக்கக் கை வரலை"ன்னாரு.

அன்னைக்கு எத்தனை தடவை கண்ணாடியைத் தட்டினீங்கன்னு கேட்டேன். எண்ணலைன்னாரு. "நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தே பிள்ள. பார்த்துட்டு மறுபடி மூடிக்கிட்டே"ன்னாரு. அப்படி ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்லை.

துண்டை உதறிக் கொடியில போட்டாரு.

வேம்பார் போயி வண்டியைக் கொண்டுவரணுமான்னு கேட்டாரு. நான் கேட்டா கொண்டுவந்துருவாரு. மறுபடி தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில நிக்கும். கண்ணாடி அவ்வளவும் இறக்கி விட்டுத்தான் மரியசூசை ஓட்டுறானாம். கடல்காத்து உள்ளே போயிருக்கும். நேத்து ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கிட்டு விளாத்திகுளம் போயிருக்கான், பெண்பிள்ளையாம். வேண்டாம், ஓடட்டும்னு சொல்லிட்டேன்.

அவர்கிட்டக் கி.மீ. கேட்டேன். பழைய டிரைவர் இல்லையா, பார்த்து வெச்சிருந்தாரு. உன் வரிக்குக் கீழே போட்ட கோட்டுக்கும் என் முதல் வரிக்கும் நடுவில கொஞ்சம் இடம் இருந்துச்சு. அதில உன் அப்பா பேரைப் போட்டு உன்னை மாதிரியே எழுதிட்டேன்: "10-5. வேம்பார். டிரைவர் சந்தியாகு. கி.மீ. 143269."

ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல டீக்கடைக்காரரு சொன்னாரு, ரெண்டு மணி நேரமா கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு ஏசியில தூங்குதாருன்னு நினைச்சோம்னு. நெஞ்சு வலிச்சப்போ நீ யாரையும் கூப்பிட்டியான்னு எனக்குத் தெரியாது. டாக்டர், உயிர் உடனே போயிருக்கும்னாரு, அவரு கூட இருந்தாரா என்ன.

அந்த ரெண்டு மணி நேரத்தில, உருண்டை, உன் கண்ணாடியை யாராச்சும் ஒரு தடவையாச்சும் தட்டினாங்களா?